மூன்றாவது வரிசையில் தோரா கிளெக்

எங்கள் ஊர் ஓபரா சபையில் ஆம்பிளை ஒருத்தன் சேர்வதற்குக் குரல் வேண்டியதில்லை. கால்சட்டை போட்டிருந்தால் போதும். நான் சேர்ந்த கதையே அதுதான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என்னை, சபைக்கு இசை சொல்லிக்கொடுக்கும் மிஸ்டர் லம் ஒருநாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"கேப்ஸ்டிக், வியாழக்கிழமை சாயங்காலம் உனக்கு வேலை உண்டா?"

"இல்ல சார். ஆனா எனக்குப் பாட வராதே."

"நான் அதக் கேட்டேனா?"

அப்புறம் மாலுமி, கொள்ளைக்காரன், பாதிரி, மறுபடி மாலுமி என்று எத்தனையோ வேஷம் கட்டிவிட்டேன். இன்னும் பாட வராது. யாரும் கேட்டதுமில்லை.

பெண்கள் விஷயம் அப்படியில்லை. எங்கள் கார்ப்ரூக்கில் நெசவாலைகள் ஐந்து. ஆலைப் பெண்களில் பாட வராதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓர் ஓபராவில் பெண்களுக்கு நல்ல வேடம் இரண்டு இருந்தால் அதிகம். அந்த இரண்டுக்கு நாற்பது பேர் காத்திருப்பார்கள். மிச்சம் முப்பத்தெட்டுப் பேரும் பின்வரிசையில் கூடையோடு நின்று, கதாநாயகி அழும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும்.

சபை பிறந்ததே ஒரு சண்டையில். 1908-இல் கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் தனிப்பாட்டு யார் பாடுவது என்று பாடகர் குழு இரண்டாகப் பிளந்தது. தோற்ற பாதி வெளியே வந்து, கூட்டுறவுக் கடை மாடியில் ஓர் அறை பிடித்து ஓபரா சபை ஆரம்பித்தார்கள். ஜெயித்த பாதி பதினொரு வருடம் அவர்களோடு பேசவில்லை. ஆனால் ஒரு நாடகம் விடாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் எங்கே சுதி விட்டார்கள் என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

சபைக்கு முப்பது விதிகள். அதில் பதினேழாவது விதி பிறந்த கதையை ஊரில் எந்தக் கிளப்பில் கேட்டாலும் சொல்வார்கள். 1926-இல் சபைத் தலைவரின் மாமியார், அறுபத்தோரு வயது அம்மாள், பதினாறு வயதுக் குமரியாக நடித்தார். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. மூன்றாம் அங்கத்தில் கதாநாயகன் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தூக்கினான். ஓடவில்லை. பாதியில் திரையை இறக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதன் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததாகத் தகவல் இல்லை. அடுத்த வாரமே விதி எழுதிவிட்டார்கள்: தேர்வு நாளன்று நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்ட பெண்ணுக்கு முக்கிய வேடம் கிடையாது. ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. போட்டிருந்தால் சபையில் நாற்காலிகள்தான் மிஞ்சியிருக்கும்.

தோரா கிளெக் சபையில் சேர்ந்தது 1939-இல். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தறிக்காரி. முதல் வருடமே கதாநாயகி வேடத்துக்குப் பாடினாள். கிடைத்துவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது உலகச் சண்டை வந்தது. மேடை மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

"தற்காலிகமா நீ உக்காரும்மா," என்றார்கள் தோராவிடம். "ஒரே ஒரு சீசன்தான்."

உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அந்த மூலை முக்காலியைவிட்டு எழ விடவில்லை.

அவள் அடியெடுத்துக் கொடுத்த அழகு அப்படி. தறிக்கூடத்தில் நானூறு தறி ஒன்றாக ஓடினால் இடி விழுந்தாலும் காதில் விழாது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். எட்டுத் தறி தாண்டி நிற்பவளிடம் யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதுவரை சொல்லி முடித்துவிடுவார்கள். என் அம்மாவும் தறிக்காரிதான். அப்பாவைத் திட்டுவதெல்லாம் உதட்டில்தான். பாவம், அவர் ரயில்வேக்காரர், ஒன்றும் புரியாமல் சூப் குடித்துக்கொண்டிருப்பார். எனக்குப் புரியும். ஊரில் பாதிப் பேருக்குப் புரியும்.

ஆக, மற்ற ஊர்களில் அடியெடுத்துக் கொடுப்பவர் கிசுகிசுக்கிற சத்தம் பால்கனிவரை கேட்கும்போது, எங்கள் சபையில் மட்டும் ஒரு சின்னச் சத்தம்கூட வராது. தோரா மூலையில் உதட்டை அசைப்பாள். மேடையில் இருப்பவன் ஓரக்கண்ணால் பார்த்துப் பாடிவிடுவான். பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்காரன் ஒருமுறை எழுதினான், 'கார்ப்ரூக் நடிகர்களின் ஞாபகசக்தி வியக்கத்தக்கது' என்று. அந்தத் துண்டை வெட்டி, சபை அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

இதில் அதிகம் பிழைத்துக்கொண்டவன் எங்கள் கதாநாயகன் டக்ளஸ் ஆஸ்பின். கசாப்புக் கடைக்காரன். குரல் தேன். மண்டையில் ஒன்றும் நிற்காது. வீட்டில் யாராவது கறி சொல்லி அனுப்பினால்கூட இரண்டாவது சாமானை மறந்துவிடுவான். பதினான்கு வருடமாகக் காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பாடிய காதல் பாட்டெல்லாம் அவள் தலைக்கு மேலே தோராவைப் பார்த்துப் பாடியதுதான். ஒரு சமயம் அவன் பெண்டாட்டிக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று பேச்சு. நான் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டார்கள்.

1961 அக்டோபரில் சபை எடுத்துக்கொண்ட நாடகம் 'லிஸ்பன் ரோஜா'. கதாநாயகி கார்லோட்டா முப்பத்தைந்து வயது விதவை. தோராவுக்கு ஜனவரியில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வருடம் இல்லையென்றால் இனி எந்த வருடமும் இல்லை. தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு அவள் மிஸ்டர் லம்மிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஒரு தடவ சார். ஒரே ஒரு வாரம். அப்பறம் சாகிற வரைக்கும் அந்த முக்காலியிலேயே உக்காந்துக்கறேன்."

தேர்வில் முகம் தெரியக்கூடாது என்பது எங்கள் சபையின் பெருமை. திரையை இறக்கிவிடுவோம். பாடுகிறவர்கள் உள்ளே, தேர்வுக் குழு வெளியே. பெயர் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். குழுவில் மூன்று பேர்: தலைவி மிஸஸ் ஓக்டன், மிஸ்டர் லம், பின்வரிசைக்காரர்கள் சார்பில் நான். என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், வேறு யாரும் வரவில்லை.

கார்லோட்டாவுக்கு நாலு பேர். ஒவ்வொருத்தியும் இரண்டாம் அங்கத்துக் காதல் பாட்டை ஆஸ்பினோடு சேர்ந்து பாட வேண்டும். அவனும் திரைக்கு உள்ளேதான் நின்றான்.

முதல் எண் பாடினாள். ஆஸ்பின் மூன்றாவது அடியில் நின்றுபோனான். 'லா லா' என்று ஒப்பேற்றினான். இரண்டாவது எண்ணில் முதல் அடியிலேயே நின்றான். மூன்றாவது எண், சன்னமான குரல், சின்னப் பெண் என்று தெரிந்தது; அது மிஸஸ் ஓக்டனின் அண்ணன் மகள் பெவர்லி என்பதை மிஸஸ் ஓக்டன் தொண்டையைக் கனைத்து எங்களுக்குத் தெரியப்படுத்தினார். ஆஸ்பின் அவளோடு வேறு ஏதோ நாடகத்துப் பாட்டைப் பாடினான்.

நாலாவது எண் ஆரம்பித்தாள். மிஸ்டர் லம் பென்சிலைக் கீழே வைத்தார். நான் பாட்டு தெரியாதவன். எனக்கே முதுகு நிமிர்ந்தது. அந்தக் குரலில் ஒரு விதவை இருந்தாள், அவளுக்கு இன்னும் ஆசை விட்டுப்போகவில்லை என்பதும் இருந்தது. கூடவே ஆஸ்பின் பாடினான். முதல் அடி. இரண்டாவது. நாலு சரணமும். ஒரு வார்த்தை பிசகவில்லை.

மிஸஸ் ஓக்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாம் நம்பர் தோரா," என்றார்.

"பேரு சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு," என்றார் மிஸ்டர் லம்.

"நான் எங்க சொன்னேன். டக்ளஸ் சொல்லிட்டான். அந்தப் பய ஒரு வார்த்தகூட விடலியே. எதுத்தாப்ல யாரு ஒதட்டப் பாத்துப் பாடியிருப்பான்?"

தோரா தன் பாட்டைப் பாடிக்கொண்டே, மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் அவனுக்கு அடியெடுத்துக் கொடுத்திருக்கிறாள். பழக்கம். சும்மா இருந்திருந்தால் நாலாம் எண் யாரென்று கடைசிவரை தெரிந்திருக்காது.

"தோராவா இருந்தா என்ன?" என்றார் லம். "பாடினதக் கேட்டீங்கல்ல."

"கேட்டேன். நல்லாத்தான் பாடுறா. அவ மேடைக்கு வந்துட்டா மூலையில யாரு?"

"மேடையில நின்னே சொல்லிக் கொடுக்கட்டும். இப்ப கொடுத்தாளே."

"டக்ளஸுக்குச் சரி. கப்பல் காட்சிக்கு? அதுல கார்லோட்டா கெடையாது. இருபத்திரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது." என் பக்கம் திரும்பினார். "கேப்ஸ்டிக், ஒனக்குக் கப்பல் காட்சியில ரெண்டு வரி இருக்குல்ல?"

இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தனியாகப் பேச இரண்டு வரி. என் மனைவி தன் தங்கச்சி குடும்பத்துக்கே டிக்கெட் சொல்லிவைத்திருந்தாள்.

"தோரா இல்லாம சொல்லிடுவியா?"

லம் ஒரு கை தூக்கினார், தோராவுக்கு. மிஸஸ் ஓக்டன் ஒரு கை தூக்கினார், மூன்றாம் எண்ணுக்கு. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று இங்கே எழுதினால்தான் தெரியும் என்றில்லை. கார்லோட்டாவாக நடித்தது பெவர்லி.

வியாழக்கிழமை பெயர் வாசித்தபோது தோரா பின்னிக்கொண்டிருந்த கம்பளியைச் சுருட்டிப் பையில் போட்டாள். முக்காலியிலிருந்து எழுந்து, அடியெடுத்துக் கொடுக்கிற புத்தகத்தைக் கொண்டுபோய் மிஸஸ் ஓக்டன் மடியில் வைத்தாள்.

"என்ன இது, தோரா?"

"தற்காலிகமா நீங்க வச்சுக்கங்க," என்றாள். போய்விட்டாள்.

அவளுக்குப் பதிலாகப் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார் ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்தோம். நல்ல மனிதர். கெடுதல் என்னவென்றால், அவர் கதையை ரசிக்க ஆரம்பித்துவிடுவார். கார்லோட்டா அழுதால் அவரும் மூக்கைச் சிந்துவார், பக்கம் புரட்ட மறந்துவிடுவார். ஒத்திகையில் ஆஸ்பின் நின்றுபோகும்போதெல்லாம் மூலையைப் பார்ப்பான். வாத்தியார், பாவம், அடுத்தது என்ன ஆகும் என்று ஆவலாக அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கப்பல் காட்சியைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மார்ச் மாதம், புதன்கிழமை முதல் நாள். நகர மண்டபம் நிறைந்துவிட்டது. திரை இடுக்கில் பார்த்தேன். மூன்றாவது வரிசை, நட்டநடுவில் தோரா. தலைக்குத் தொப்பி, மடியில் ஒரு பொட்டலம் புதினா மிட்டாய். பக்கத்தில் அவள் புருஷன் ஆர்னால்ட். ஆர்னால்ட் புறா வளர்ப்பவர். வருடத்துக்கு நாலு தடவை பேசுவார், அதிலும் மூன்று புறாவிடம்.

"காசு குடுத்து வந்திருக்கா, நாம விழறதப் பாக்க," என்றான் ஆஸ்பின். அவன் முகம் அவன் கடைக் கொழுப்பு மாதிரி வெளுத்திருந்தது.

முதல் அங்கம் எப்படியோ நகர்ந்தது. இரண்டாவது அங்கத்தில் காதல் பாட்டு. நாங்கள் மாலுமிகள் பின்னால் அரைவட்டமாக நிற்கிறோம். பெவர்லி தன் அடியை முடித்தாள். ஆஸ்பின் வாயைத் திறந்தான். திறந்தது திறந்தபடி இருந்தது.

மூலையைப் பார்த்தான். வாத்தியார் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். மேடைக்குக் கீழே கோலோடு நின்ற லம், அவன் அடிக்கு முந்தின நாலு தாளத்தை மறுபடி வாசிக்கும்படி வாத்தியக்காரர்களுக்குச் சொன்னார். மறுபடியும். ஆஸ்பினின் கண் தானாக மூன்றாவது வரிசைக்குப் போனது.

தோரா வாயை இறுக்கி மூடியிருந்தாள். கன்னத்தில் மிட்டாய் புடைத்துக்கொண்டிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் மனசுக்குள் வைத்திருந்தது எல்லாம் அந்தத் தாடையில் இருந்தது. லம் ஐந்தாவது தடவை வாசிக்கவைத்தார்.

அப்போது அவள் உதடு அசைந்தது.

ஆஸ்பின் பாடினான். மழை விட்டதுபோல மண்டபம் மூச்சு விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. ஆஸ்பினுடைய அடி முடிந்த பிறகும் அந்த உதடு நிற்கவில்லை. அடுத்தது கார்லோட்டாவின் அடி. தோரா அதையும் பாடினாள். சத்தமில்லாமல், கட்டிய கை கட்டியபடி. மேடையில் பெவர்லி கீச்சுக் குரலில் பாடிக்கொண்டிருக்க, மாலுமி வேஷத்தில் நின்ற எங்களில் உதடு படிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேரும் மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குப் பக்கத்தில் நின்ற தபால்காரன் அழுதேவிட்டான். அவனுக்கு ஒட்டுமீசை வேறு.

ஆட்டம் முடிந்து, கூட்டம் வாசலில் டீக்கு நின்றபோது நான் வேஷத்தோடு ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். அவள் முகம் நன்றாக இல்லை.

"பாத்தியா கேப்ஸ்டிக்," என்றாள். "நான் வாயே தொறக்கல. அந்தப் பய தானாவே ஞாபகம் வச்சுப் பாடிட்டான். நான் இல்லாம ஆகாதுன்னு நெனச்சுத்தான இத்தன வருசம் ஒக்காந்திருந்தேன். கழுத, அதுவும் பொய்யாப் போச்சு."

ஆர்னால்ட் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒதடு அசஞ்சுது," என்றார். அந்த வருடத்துக்கான பேச்சு அவ்வளவுதான்.

தோரா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசம்தான். அவனோடது மட்டுமில்ல. கார்லோட்டா பாட்டையும் முழுசா பாடிட்ட. பெவர்லியெல்லாம் ஒன் பக்கத்துல நிக்க முடியாது. நாங்கள்ளாம் ஒன்னத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை நசுக்கிக் கோட்டுப் பையில் திணித்தாள்.

"ரொம்ப நல்லது. ஒருத்தருக்கும் கேக்காமப் பாடிட்டனாக்கும். அந்த நாய்க்கும் சேத்து ஒழச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன், சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி."

வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் ஆஸ்பின் பாட்டு முழுவதையும் சட்டைக் கையில் எழுதிக்கொண்டு வந்தான். வியர்வையில் அழிந்து, மூன்றாம் அங்கத்தில் பெவர்லியின் வெள்ளை கவுனில் ஒரு சரணம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை கடைசி நாள். மேயர் வருகிற நாள். திரை இடுக்கில் பார்த்தேன். மூன்றாவது வரிசை, நட்டநடுவில் தோரா. கழுத்திலிருந்து மூக்குவரை ஒரு பழுப்புநிறக் கம்பளித் துண்டை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கம்பளி எனக்குத் தெரிந்த கம்பளி. அக்டோபரில் முக்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தது.

தோரா வருவதாகக் கேள்விப்பட்டு, ஆஸ்பின் அன்றைக்குச் சட்டைக் கையில் எழுதவே இல்லை.

காதல் பாட்டு வந்தது. ஆஸ்பின் நின்றான். நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்தான். கம்பளியைப் பார்த்தான். அப்போது அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், மற்றதெல்லாம் மறந்தாலும். லம் நாலு தாளத்தை வாசிக்கவைத்தார். மறுபடி வாசிக்கவைத்தார். எட்டுத் தடவை எண்ணினேன். கம்பளிக்குள்ளே என்னவோ அசைந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரிந்தது. உள்ளே அவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவளாலும் அதை நிறுத்த முடியாது. அதனால்தான் கம்பளி.

ஆஸ்பின் மேடை விளிம்புக்கு வந்தான். தன் கேப்டன் எமிலியோ வேஷத்தின் தொப்பியைக் கழற்றினான்.

"தோரா," என்றான், மேயருக்கும் கேட்கிற மாதிரி. "துணிய எடும்மா."

மண்டபம் சிரித்தது. எல்லாத் தலையும் திரும்பியது. தோரா அசையவில்லை. ஆர்னால்ட் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். லம் பன்னிரண்டாவது தடவையும் வாசிக்கவைத்து முடித்து, கோலைக் கீழே வைத்தார். 1926-க்குப் பிறகு முதல்முறையாக எங்கள் சபையில் நாடகத்தின் நடுவில் திரை விழுந்தது.

அடுத்த வாரம் குழு கூடியது. இரண்டு மணி நேரம் ஓவிய வாத்தியாரைத் திட்டினோம். நாற்பத்தைந்து வயதென்ற அந்தப் பதினேழாம் விதியை நீக்குவது பற்றி லம் வாயெடுத்தார். மிஸஸ் ஓக்டன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கடைசியில் முப்பத்தொன்றாவதாக ஒரு புதிய விதி எழுதினோம்: முன் நாலு வரிசைகளில் முகத்தை மூடிக்கொண்டு உட்காரக்கூடாது. யார் யார் சம்மதம் என்று கேட்டார் மிஸஸ் ஓக்டன். நான் அதற்கும் கை தூக்கினேன். பழக்கம்.

மறுநாள் காலை ஆலைக்குப் போகிற பஸ்ஸில் தோரா ஏறினாள். முகத்தில் கம்பளி இல்லை. ஜனவரியோடு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. இனி எந்த மேடையிலும், எங்கள் மேடையில் நிச்சயமாக, அவளுக்குக் கார்லோட்டா கிடையாது. நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன். மனசு கேட்கவில்லை.

"தோரா, அந்தத் தேர்வு அன்னிக்கு..."

"தெரியும்," என்றாள். "மறுநாளே தெரியும். இந்த ஊருல எது தெரியாது?"

"கப்பல் காட்சியில எனக்கு ரெண்டு வரி இருந்துச்சு. அதுக்காகத்தான்."

"அதுவும் தெரியும்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்த ரெண்டு வரி என்ன, சொல்லு பாப்போம்."

"'கேப்டன், கப்பல் தயார்.' அது மொதல் வரி."

"ரெண்டாவது?"

நான் யோசித்தேன். பஸ் ஆலை வாசலில் நின்றது. பின்னால் நின்றவர்கள் இறங்க வழி கேட்டார்கள். பழக்க தோஷத்தில் அவள் உதட்டைப் பார்த்தேன். அவள் அதை நன்றாக மூடிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.